பெயரைத் தேடும் பெட்டி: பவானிபூர்க் கல்லறையும் புலப்பெயர்வுச் சீட்டும்

1863ஆம் ஆண்டின் இறுதி நாளன்று, கல்கத்தாவில் இருந்த படை அதிகாரிகளுக்கான மருத்துவமனையில் இருபத்திரண்டு வயது லெப்டினன்ட் ஒருவர் இறந்தார். வால்டர் லேண்டர் டிக்கன்ஸ் என்பது அவர் பெயர். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் மகன். 1857இல், பதினாறு வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கு அனுப்பப்பட்டவர். பவானிபூரில் இருந்த படைத்துறைக் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். மரணச் செய்தி கப்பலேறி லண்டனை அடைந்தபோது 1864 பிப்ரவரி 7 ஆகியிருந்தது. அது தந்தையின் ஐம்பத்திரண்டாவது பிறந்தநாள்.

1987இல் யாதவ்பூர் பல்கலைக்கழக மாணவர்களின் முயற்சியால் வால்டரின் நினைவுக்கல் பவானிபூரிலிருந்து எடுக்கப்பட்டு, நகரின் புகழ்பெற்ற சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் நிறுவப்பட்டது. உடல் பவானிபூரிலேயே இருக்கிறது. கல்லைப் பாதுகாக்கும் நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்ட இந்த இடமாற்றம், நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றாக இருந்த இரண்டு செய்திகளைப் பிரித்துவிட்டது. சவுத் பார்க் ஸ்ட்ரீட் 1767இல் திறக்கப்பட்டது. வால்டர் கல்கத்தாவுக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அங்கே புதைப்பது நின்றுபோயிருந்தது.

இணையவழி வம்சாவளித் தேடல் அமைப்பு ஒன்றைச் சோதிப்பவர், பயனர் ஒருவரை அமர்த்தி, “வால்டர் டிக்கன்ஸ் எங்கே அடக்கம் செய்யப்பட்டார்?” என்ற பணியைக் கொடுப்பதாகக் கொள்வோம். பயனர் பெயரைத் தட்டுகிறார். கல்லின் ஒளிப்படம் தோன்றுகிறது. கீழே சவுத் பார்க் ஸ்ட்ரீட் என்று இருக்கிறது. ஒரு நிமிடத்திற்குள் விடை கிடைத்துவிட்டது. பயனருக்கு நிறைவு, சோதனையாளரின் தாளில் ‘வெற்றி’ என்ற குறி. ஆனால் விடை தவறு. நேரம், சொடுக்குகளின் எண்ணிக்கை, மனநிறைவு ஆகிய வழக்கமான அளவுகோல்கள் எவையும் இந்தத் தவற்றைக் காட்டிக்கொடுப்பதில்லை. பயன்பாட்டுச் சோதனை என்பது கணினித் துறையின் தனிச்சொத்து என்று விட்டுவிடாமல், வரலாற்று ஆய்வாளர்களும் அதில் தலையிட வேண்டியதன் காரணம் இங்கேதான் தொடங்குகிறது.

ஒரே நகரம், இருவகைப் பதிவுகள்

வால்டரைப் பற்றி இத்தனை செய்திகள் கிடைப்பதற்கு அவர் தந்தையின் புகழ் மட்டும் காரணமாகாது. கல்கத்தாவில் ஐரோப்பியர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றாலும், மணம் செய்துகொண்டாலும், இறந்தாலும், திருச்சபைக் குருமார் அதைப் பதிவேட்டில் எழுதினர். அதன் படி லண்டனுக்கு அனுப்பப்பட்டது. வங்காளம், சென்னை, பம்பாய் என்று மாகாணவாரியாகப் பிரிக்கப்பட்ட இந்தத் திருச்சபைப் படிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் தனி வரிசைகளாக உள்ளன. குடும்பப்பெயரின் அகரவரிசையில் அவற்றுக்கு அட்டவணைகள் உண்டு. வாரிசுரிமை, ஓய்வூதியம், சொத்துப் பங்கீடு ஆகியவற்றுக்காக இங்கிலாந்திலிருந்து கேட்கப்படும் கேள்விக்கு விடை தருவதற்கென்றே உருவான ஏற்பாடு அது. கேள்வி எப்போதும் ஒரு குடும்பப்பெயரோடு வந்தது. ஆகவே ஏடும் குடும்பப்பெயரின் வழியே திறந்தது. பிற்காலத்தில் அந்த நூலகம் அமைத்த குடும்ப வரலாற்றுத் தேடலும், 1998இல் தொடங்கிய பிரிட்டிஷ் இந்தியக் குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் தரவுத்தளமும், 2014இல் வணிக நிறுவனம் ஒன்றின் வழியே இணையத்துக்கு வந்த படிமங்களும் இந்த ஒழுங்கையே பின்பற்றின.

பவானிபூரிலிருந்து மேற்கே ஆதிகங்கையைக் கடந்து, அலிப்பூரையும் தாண்டினால் கிதிர்பூரும் கார்டன் ரீச்சும் வருகின்றன. ஹூக்ளி ஆற்றங்கரையின் அந்தப் பகுதியில் இருந்த கூலி முகாம்களிலிருந்துதான் பிகார், ஐக்கிய மாகாணங்கள், வங்காளம் ஆகிய பகுதிகளின் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். மொரீஷியஸுக்கு மட்டும் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். சுரினாமுக்கு, 1873 பிப்ரவரியில் கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டு ஜூன் 5 அன்று கரைசேர்ந்த ‘லல்லா ரூக்’ தொடங்கி 1916 வரை, 34,304 பேர். ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர். இவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர்கள். 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்த ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து வந்தது. பத்து நாள் கழித்து வந்த ‘பெல்வெடெர்’ கல்கத்தாவிலிருந்து வந்தது.

கல்கத்தாவில் கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு புலப்பெயர்வுச் சீட்டு உண்டு. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று எனத் தனித்தனி அச்சுப்படிவங்கள். முகாம் எண், கப்பலின் பெயர், ஆளின் பெயர், தந்தையின் பெயர், வயது, சாதி, நெருங்கிய உறவினர், மணமானவராயின் துணையின் பெயர், மாவட்டம், தாணா, கிராமம், உடல் அடையாளங்கள் என அதன் கட்டங்கள் நீளும். உடற்தகுதியை மருத்துவர் சான்றளிப்பார். புலப்பெயர்வோர் பாதுகாவலர் எனப்பட்ட அதிகாரி ஒப்பமிடுவார்.

தகவலின் அளவை நோக்கினால், பவானிபூர்க் கல்லறை ஏட்டின் ஒரு வரியைவிட இச்சீட்டு வளமானது. வால்டரின் அடக்கப் பதிவில் அவர் சொந்த ஊரோ, நெற்றித் தழும்போ இராது. சீட்டில் அவை உண்டு. ஆயினும் அதை எழுதியவர்கள் மனத்தில் இருந்த வாசகர் வேறு. அந்தக் கூலியின் பேரப்பிள்ளை ஒருநாள் வந்து கேட்பார் என்று எவரும் எண்ணவில்லை. ஏறியவரும் இறங்கியவரும் ஒருவரே என்று உறுதி செய்யவேண்டிய அதிகாரி, தோட்டத்தைவிட்டு ஓடியவரை அடையாளம் காணவேண்டிய முதலாளி ஆகியோரே அதன் வாசகர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டவை ஓர் எண்ணும் ஒரு தழும்பும் மட்டுமே. பெயர் அவற்றுக்குத் துணை. எனவே நேட்டாலிலும் மொரீஷியஸிலும் ஒருவரது வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது குடியேற்ற எண்தான். நேட்டாலில் பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் பெற்றோரின் எண்ணே குறிக்கப்பட்டது.

ஃபிஜியின் சீட்டுகளை முதன்முதலில் முழுமையாகக் கணினிக்குள் கொண்டுவந்தவர் வரலாற்றாளர் பிரிஜ் லால். கல்கத்தா வழியாகச் சென்றவர்களின் 45,439 சீட்டுகளை அவர் குறியீடுகளாக மாற்றி ஆராய்ந்தார்; 1983இல் வெளிவந்த ‘கிர்மிட்டியாஸ்’ என்ற அவரது நூல் அந்த ஆய்வின் விளைவு. கூலிகளாகச் சென்றவர்கள் அனைவரும் கடைசிப்படிச் சாதியினர், ஏமாற்றப்பட்ட அநாதைகள் என்ற பழைய கருத்தை அந்த எண்ணிக்கை அசைத்தது. ஆனால் எண்ணுவதற்காகச் செய்யப்படும் தரவு தேடுவதற்கு உதவாது. எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் என்ற வினாவுக்கு ஆளின் பெயர் வேண்டியதில்லை. தன் பாட்டனாரின் தந்தையைத் தேடி வருபவருக்கோ பெயர்தான் ஒரே கைப்பிடி.

ஒலியைக் குறியீடாக்கிய கதை

பெயரைப் பலவாறு எழுதலாம் என்ற சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் பெற்ற காப்புரிமையிலிருந்து ‘சவுண்டெக்ஸ்’ என்னும் முறை உருவாயிற்று. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை நீக்கி, ஒத்த ஒலியுள்ள மெய்களுக்கு ஒரே எண் கொடுத்து, ஓர் எழுத்தும் மூன்று எண்களுமாகச் சுருக்குவது அதன் வழி. 1930களில் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கேடுகளுக்கு இம்முறையில் அட்டைகள் எழுதப்பட்டன. அந்தப் பணி குடும்ப ஆர்வலர்களுக்காகச் செய்யப்பட்டது அன்று. 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி ஓய்வூதியம் பெற வயதுச் சான்று தேவைப்பட்டது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத தலைமுறையினர் தாம் குழந்தையாக இருந்தபோது எடுக்கப்பட்ட கணக்கேட்டில் தம்மைத் தேடவேண்டி வந்தது. 1880ஆம் ஆண்டுக் கணக்கேட்டின் அட்டைகளில், பத்து அல்லது அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகள் மட்டும் இடம்பெற்றதன் காரணம் அதுவே. வம்சாவளித் தேடலின் கருவிகள் உரிமைக் கோரிக்கையின் அழுத்தத்தில் பிறந்தன என்பதை இங்கே நினைவிற்கொள்வது பயனுடையது.

இன்றும் பல தேடல் அமைப்புகள் ‘ஒத்த ஒலி’ என்ற வசதியின் பின்னால் சவுண்டெக்ஸையோ அதன் வழித்தோன்றல்களையோ வைத்திருக்கின்றன. ஆங்கிலோ-அமெரிக்கப் பெயர்களுக்காக வகுக்கப்பட்ட இந்த விதி நம் பெயர்களை எப்படி நடத்துகிறது என்பதை ஊர்ப்பெயரிலேயே சோதித்துப் பார்க்கலாம். பவானிபூரைப் பிரிட்டிஷார் ‘போவானிபோர்’ என்ற ஒலிப்பில் எழுதினர். இந்தி வழக்கில் ‘பவானிபூர்’. வங்காளிகள் ‘பபானிபூர்’ என்று எழுதுகின்றனர். வங்காள மொழியில் வகரம் பகரமாகிவிடும். முதல் இரண்டும் சவுண்டெக்ஸில் பி-516 என்ற ஒரே குறியீட்டைப் பெறுகின்றன. மூன்றாவது பி-151 ஆகிவிடுகிறது. ஊரில் வாழ்பவர் தம் ஊரை எழுதும் முறைதான் அமைப்புக்கு அந்நியமாகிறது.

தமிழ்ப்பெயர்களுக்கு வருவோம். முனுசாமி என்ற பெயரை ‘மூன்சாமி’ என்று எழுதினாலும் ‘முனுஸ்வாமி’ என்று எழுதினாலும் எம்-525 என்றே வருகிறது; இங்கே முறை உதவுகிறது. சின்னசாமி சற்று இடறுகிறது: ஆங்கிலத்தில் ‘சி-எச்’ என்று தொடங்கினால் சி-525, ‘எஸ்’ என்று தொடங்கினால் எஸ்-525. பழனியில் ழகரத்துக்கு ‘இசட்-எச்’ போட்டால் பி-250. லகரமாக எழுதினால் பி-450. கவுண்டர் என்ற ஒரே சொல் நேட்டாலில் ‘கோவெண்டர்’ ஆகி ஜி-153 என்றும், தமிழ்நாட்டு ஆங்கில வழக்கில் ஜி-536 என்றும், ‘கே’ எழுத்தில் தொடங்கி ஒலிப்படி எழுதினால் கே-153 என்றும் மூன்றாகச் சிதறுகிறது. முதல் எழுத்தை மாற்றக்கூடாது என்ற விதி ககரத்துக்கும் சகரத்துக்கும் பகரத்துக்கும் பல ஒலிகள் வழங்கும் மொழியில் பெருந்தடை. கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்களுக்கு இதே குறை நேர்ந்தபோது, 1985இல் டெய்ச்–மோகோடோஃப் முறை என்ற தனி விதி வகுக்கப்பட்டது. கப்பற்பட்டியல்களில் கிடக்கும் தமிழ், தெலுங்கு, போஜ்புரிப் பெயர்களுக்கு அவ்வாறு பொதுவழக்குக்கு வந்து நிலைபெற்ற விதி இல்லை.

எழுத்துக்கூட்டலைவிட ஆழமான சிக்கல் படிவத்தில் இருக்கிறது. பெரும்பாலான தேடல் பக்கங்கள் ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்ற இரண்டு கட்டங்களோடு திறக்கின்றன. இரண்டாவது கட்டாயமாக இருப்பதும் உண்டு. புலப்பெயர்வுச் சீட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டமே இல்லை. கப்பலேறியவருக்கு ஒரு பெயரும் தந்தைக்கு ஒரு பெயருமே இருந்தன. குடியேறிய நாட்டின் பதிவு அலுவலகங்கள் குடும்பப்பெயரைக் கோரியபோது, சிலர் சாதிப் பட்டத்தைக் கொடுத்தனர்: முதலி ‘மூட்லி’ ஆயிற்று, கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆயிற்று, பிள்ளையும் நாயுடுவும் படையாச்சியும் நிலைத்தன. வேறு சிலருக்குத் தந்தையின் இயற்பெயரோ கூலியின் இயற்பெயரோ குடும்பப்பெயராக உறைந்தது: பெருமாள், முனுசாமி, வீராசாமி. டர்பனில் பெருமாள் என்ற குடும்பப்பெயர் கொண்ட ஒருவர் தம் மூதாதையைத் தேடும்போது, அந்தச் சொல்லைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில்தான் இடுவார். அவர் தேடும் ஆள் கப்பற்பட்டியலில் இயற்பெயர்க் கட்டத்திலோ தந்தை பெயர்க் கட்டத்திலோ இருக்கிறார். அமைப்பு ‘பதிவு எதுவும் இல்லை’ என்று விடையளிக்கிறது. பதிவு இருக்கிறது, கட்டம் மாறியிருக்கிறது.

சோதனை என்னும் வழக்கம்

பயனர் ஒருவரைக் கருவியின் முன் அமர்த்தி, மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லச் சொல்லி, அவர் இடறும் இடங்களைக் குறிக்கும் வழக்கம் 1980களில் கணினித் துறையில் வேரூன்றியது. அறிதல் உளவியலில் எரிக்ஸனும் சைமனும் வாய்மொழி அறிக்கையை ஆய்வுத் தரவாக ஏற்கும் நெறிகளை வகுத்திருந்தது இதற்கு அடித்தளம். 1993இல் ஜேக்கப் நீல்சனின் நூல் அதை ஒரு பொறியியல் நடைமுறையாக்கிற்று. ஐந்து பயனர்களைச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்ற அவரது கூற்று 2000க்குப் பின் ஒரு பொதுவிதிபோல் பரவியது.

வம்சாவளித் துறை சோதனையின் அருமையை இடர்ப்பட்டே கற்றது. 2001 ஏப்ரலில் நியூயார்க்கின் எல்லிஸ் தீவுப் பயணிகளின் தரவுத்தளம் திறக்கப்பட்டது. அதன் தேடல் படிவம் பலருக்கும் கைகொடுக்கவில்லை. இன்டெல் 8086 நுண்செயலியின் வடிவமைப்பாளரான ஸ்டீபன் மோர்ஸ், அதே தரவுக்குத் தாமே ‘ஒற்றைப்படி’ என்ற வேறொரு தேடல் படிவம் எழுதினார். தரவைத் தொடாமல் கேள்வி கேட்கும் முறையை மாற்றியதிலேயே ஆயிரக்கணக்கானோர் தம் முன்னோரைக் கண்டடைந்தனர். 2002 ஜனவரியில் இங்கிலாந்தின் 1901ஆம் ஆண்டுக் கணக்கேடு இணையத்தில் வெளியானது. ஒரு நாளில் 12 லட்சம் பேர் வருவர் என்று திட்டமிடப்பட்டிருந்தது. ஒரு மணி நேரத்திலேயே அத்தனை பேர் வந்தனர். தளம் முடங்கிப் பல மாதங்கள் மூடப்பட்டிருந்தது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்குள்ளாகி, அதன் பட்டியல் சேவைகள் மாதக்கணக்கில் கிடைக்காமற்போனதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். திறவாத கதவின் கைப்பிடி எவ்வளவு வசதியானது என்று சோதிப்பதில் பொருளில்லை.

ஆவணவியலில் இந்த வினாவை முறையாக எழுப்பியவர்கள் வெண்டி டஃப், கேத்தரின் ஜான்சன் ஆகிய கனடிய ஆய்வாளர்கள். 2003இல் ‘தி அமெரிக்கன் ஆர்க்கிவிஸ்ட்’ இதழில் வெளிவந்த அவர்களது கட்டுரை, வம்சாவளி தேடுவோர் பெயர், இடம், காலம் ஆகியவற்றைக்கொண்டு நினைப்பதையும், ஆவணக்காப்பகங்களோ எந்த அலுவலகம் எந்தக் கோப்பை உருவாக்கியது என்ற அடிப்படையில் அடுக்கப்பட்டிருப்பதையும் சுட்டியது. இவ்விரண்டுக்கும் இடையிலான பள்ளத்தைத் தேடுவோர் பிறரைக் கேட்டுக்கேட்டே கடக்கின்றனர் என்பது அவர்களின் முடிவுகளில் ஒன்று. ஆவணக்காப்பாளரும் சக தேடுநரும் பேச்சில் செய்துகொடுத்த மொழிபெயர்ப்பை இணையப் பக்கம் தனியாகச் செய்யவேண்டியிருக்கிறது.

ஐந்து பேர் விதிக்கு இங்கே ஒரு வரம்பு உண்டு. பயனர்கள் ஒரே இனத்தினராக இருக்கும்போதுதான் அது பொருந்தும். வேறுபட்ட குழுக்கள் இருப்பின் ஒவ்வொன்றிலும் சிலரைச் சோதிக்கவேண்டும் என்று நீல்சனே கூறியிருக்கிறார். புலப்பெயர்வுப் பதிவுகளைத் தேடுவோர் குறைந்தது நான்கு வகையினர். டச்சு எழுத்துமுறையில் உகரத்தை ‘ஓ-ஈ’ என இரண்டெழுத்தால் எழுதிப் பழகிய பாரமாரிபோவாசி. உறைந்த குடும்பப்பெயரோடு வரும் டர்பன் தமிழர். எண் எழுதிய பழைய சீட்டைப் பெட்டியில் வைத்திருக்கும் மொரீஷியஸ்வாசி. போனவர் என்னவானார் என்று தெரியாமல் போஜ்பூரிலோ வட ஆர்க்காட்டிலோ இருந்து தேடும் உறவினர். நான்காமவரை எந்த வடிவமைப்பாளரும் எளிதில் எண்ணிப்பார்ப்பதில்லை. பதிவுகளில் பெரும்பகுதி போய்ச்சேர்ந்த நாடுகளின் ஆவணக்காப்பகங்களில் இருப்பதால், ஊரில் இருப்பவர் அந்நிய நாட்டின் தளத்தில், அந்நாட்டு மொழியில், தம் எழுத்தில் எழுதமுடியாத பெயரைத் தேடவேண்டியிருக்கிறது.

மனிதர் செய்த தேடல்

குடும்பப்பெயர் இல்லாத சமூகங்களில் வம்சாவளித் தேடல் நடைபெறவில்லை என்று கருதுவது பிழை. ஹரித்துவாரிலும் கயையிலும் பண்டாக்கள் தம் வஹிகளில் யாத்திரிகரின் குலவரிசையைப் பல நூற்றாண்டுகளாக எழுதிவருகின்றனர். யாத்திரிகர் சென்றதும் பண்டா கேட்பது பெயரை அன்று. ஊரையும் சாதியையும் கேட்கிறார். அவ்விரண்டும் தெரிந்தவுடன் எந்தப் பண்டா, எந்த ஏடு என்பது முடிவாகிவிடும். அதற்குப் பிறகே பெயர்கள். ஹரித்துவார் வஹிகள் யூட்டா வம்சாவளிச் சங்கத்தால் நுண்படமெடுக்கப்பட்டும் உள்ளன. தமிழகத்தில் நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் காக்கப்படும் புள்ளிக் கணக்கும் இத்தகையதே: எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்பது முதற்படி, ஆள் அதற்குப் பின்.

இவ்வேடுகளின் நுழைவாயில் இடமே. புலப்பெயர்வுச் சீட்டிலும் மாவட்டம், தாணா, கிராமம் என்ற மூன்று கட்டங்கள் இருப்பதால், இடத்தில் தொடங்கிப் பெயருக்கு இறங்கும் தேடல் அதற்கும் இயல்பாகப் பொருந்தும். தொல்லை என்னவெனில், இடப்பெயர்களும் எழுத்தரின் செவியைச் சார்ந்தவை, மாவட்ட எல்லைகள் பின்னர் மாறின, தாணாக்கள் மறைந்தன. 1900இல் வட ஆர்க்காட்டைச் சேர்ந்ததாக எழுதப்பட்ட ஊர் இன்று வேலூர், திருவண்ணாமலை, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஒன்றிலோ, ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியிலோ இருக்கும். இக்கட்டங்களுக்குப் பின்னால் ஒரு வரலாற்று இடப்பெயர் அகராதி இல்லையெனில், இடவழித் தேடலும் பெயர்வழித் தேடலின் கதியையே அடையும்.

பெண்களின் நிலை இன்னும் கடினமானது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தை நிறைவேற்றும் பொருட்டு முகாம்களில் பெண்கள் சேர்க்கப்பட்டனர். தனியாகச் சென்ற பெண்கள் பலர். அவர்களுக்குத் தனிச்சீட்டு இருந்தமையால், பதிவில் அவர்கள் ஆண்களுக்குச் சமமாகவே காணப்படுகின்றனர். பின்வந்த குடும்பப்பெயர் முறையோ தந்தைவழியை மட்டும் கொண்டுசென்றது. எனவே குடும்பப்பெயரில் தொடங்கும் எந்தத் தேடலும் பாட்டியை அடையாது. சோதனைப் பணிகளில் ஒன்றாவது ‘தாய்வழிப் பாட்டியின் தாயைக் கண்டுபிடிக்க’ என்று இருக்குமானால், பல தளங்களின் குறை உடனே வெளிப்படும்.

சாதிக் கட்டமும் ஒரு வினாவே. கயைப் பண்டாவின் ஏட்டில் அது நுழைவாயில். ஆய்வாளருக்கு அது தரவு. நான்கு தலைமுறைகளாக அந்த அடையாளத்தை உதறி வாழ்ந்த குடும்பத்துக்கு அது திரையில் எதிர்பாராமல் தோன்றும் அதிர்ச்சி. காட்டுவதா, கேட்டால் மட்டும் காட்டுவதா என்பதைச் சொடுக்குகளின் எண்ணிக்கையால் தீர்மானிக்க முடியாது. அந்தந்தச் சமூகத்தோடு அமர்ந்து பேசித்தான் தீர்மானிக்கவேண்டும்.

இன்று என்ன பணயம்

ஃபிஜி, கயானா, சுரினாம், டிரினிடாட் & டொபேகோ ஆகிய நாடுகளின் ஒப்பந்தக் கூலிப் பதிவுகள் 2011இல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவு’ப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. கிதிர்பூர் ஆற்றங்கரையில் நினைவுச்சின்னங்களும் எழுந்துள்ளன. ஆனால் பதிவுகளின் பயன் நினைவோடு நிற்கவில்லை. வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டைக்கான தகுதி சுரினாமில் ஆறாம் தலைமுறைவரை நீட்டிக்கப்படும் என 2023 ஜூனிலும், மொரீஷியஸில் ஏழாம் தலைமுறைவரை என 2024 மார்ச்சிலும், டிரினிடாட் & டொபேகோவில் ஆறாம் தலைமுறைவரை என 2025 ஜூலையிலும் இந்திய அரசு அறிவித்தது. ஆறு தலைமுறைச் சங்கிலியின் முதற்கண்ணி பெரும்பாலும் ஒரு புலப்பெயர்வுச் சீட்டு அல்லது கப்பற்பட்டியலின் ஒரு வரி. 1935க்குப் பின் அமெரிக்க முதியவர் கணக்கேட்டில் தம்மைத் தேடியதுபோல, இன்று ஒரு வழித்தோன்றல் தம் உரிமைக்கான சான்றைத் தேடல் பெட்டியில் தேடுகிறார்.

இந்நிலையில் பிழைகளின் எடையும் மாறுகிறது. ‘பதிவு இல்லை’ என்ற விடை கண்ணுக்குத் தெரியும் பிழை. தேடுபவர் மீண்டும் முயல்வார், அல்லது கைவிடுவார். அதனினும் கொடியது, வேறொருவரின் பதிவைத் தம் முன்னோருடையதாக ஏற்றுக்கொள்வது. ராமசாமி என்ற பெயரில், அண்மித்த வயதில், அடுத்தடுத்த கப்பல்களில் பலர் சென்றிருக்கலாம். பட்டியலில் முதலில் தோன்றியவரைத் தேர்ந்தெடுத்தவர் மனநிறைவோடு எழுந்து செல்வார். மனநிறைவு மதிப்பெண் உயரும். அவர் குடும்ப மரத்தில் அந்நியர் ஒருவர் அமர்ந்துவிடுவார். தந்தை பெயர், குடியேற்ற எண், கப்பல், தோட்டம் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கமாக வைத்து, ‘இவர்தான் என்று எதனால் கருதுகிறீர்கள்?’ என்று கேட்டு விடையைச் சரிபார்க்கும் சோதனையே இத்துறைக்கு ஏற்றது. உரக்கச் சிந்திக்கும் முறையின் உண்மையான வலிமையும் அங்கேதான்; தேடுபவர் தம் முடிவுக்கான காரணத்தைச் சொல்லும்போது, அந்தக் காரணம் சான்றா, விருப்பமா என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

இத்தகைய சோதனைகள் விட்டுச்செல்லும் ஒரு பொருள் பெரும்பாலும் வீணாகிறது. தோற்றுப்போன தேடல்களின் பட்டியல் அது. வழித்தோன்றல்கள் தட்டிய ஒவ்வொரு எழுத்துக்கூட்டலும், கல்கத்தா முகாம் எழுத்தரின் செவிக்கும் ஒரு குடும்பத்தின் நாவுக்கும் இடையில் நூற்றைம்பது ஆண்டுகளில் நேர்ந்த மாற்றத்துக்குச் சாட்சி. தேடியவரின் அடையாளத்தை நீக்கி அவற்றைச் சேர்த்துவைத்தால், முனுசாமிக்கும் மூன்சாமிக்கும், கவுண்டருக்கும் கோவெண்டருக்கும், பவானிபூருக்கும் பபானிபூருக்கும் பாலமிடும் மாற்றுவடிவ அகராதி ஒன்றைக் கட்டலாம். தமிழ், தெலுங்கு, போஜ்புரி மொழியியலாளரும் வரலாற்று மாணவரும் கணினியாளரும் சேர்ந்து செய்யக்கூடிய, பெருஞ்செலவு வேண்டாத பணி இது. வால்டர் டிக்கன்ஸின் பதிவில் கல் ஓரிடத்திலும் உடல் வேறிடத்திலும் இருப்பதைக் குறிக்க ஒரு வரி போதும். 34,304 பேருக்கும், 1,52,184 பேருக்கும் அந்த ஒரு வரியை எழுத, அவர்களைத் தேடி வருபவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று முதலில் பார்க்கவேண்டும்.